வில்லியனூரிலிருந்து பாகூர் வரை: பெஞ்சு போட்ட கடைகளின் வழியே

புதுச்சேரியின் கிராமப்புறத்தில் பெஞ்சு போட்ட டீக்கடைதான் ஊரின் பொது உணவகம். கீற்றுக் கொட்டகை, களிமண் பூசிய அடுப்பு, அதன் மேல் பித்தளை பாய்லர், பக்கத்தில் எண்ணெய்ச் சட்டி, கண்ணாடி ஜாடிகளில் பொறையும் வர்க்கியும் பன்னும், வாசலில் எதிரெதிரே இரண்டு மரப் பெஞ்சு: இவ்வளவுதான் அதன் உடைமை. காலையில் இட்லியும் டீயும், பத்து மணிக்கு மசால் வடை, மாலையில் போண்டாவும் சுண்டலும் அங்கே கிடைக்கும். செய்தித்தாள் கிடைக்கும். பேருந்து எப்போது வரும், ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, யார் வீட்டில் என்ன விசேஷம் என்பதும் கிடைக்கும்.

புதுச்சேரிப் பகுதியில் அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர் என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள் உள்ளன. 'கொம்யூன்' என்ற சொல் பிரெஞ்சு ஆட்சி விட்டுச் சென்றது. இவற்றுள் வில்லியனூருக்கும் பாகூருக்கும் இடையே சுமார் 15 கிலோமீட்டர். அந்தச் சாலையில் நெல், கரும்பு, சவுக்குத் தோப்பு, ஏரிக்கரை என்று நிலம் மாறிக்கொண்டே போகும். மாறாமல் வருவது பெஞ்சு போட்ட கடை. இவ்வட்டாரத்தில் பிறந்து, படிப்புக்கும் வேலைக்கும் சென்னை, பெங்களூரு, பாரிஸ் என்று போனவர்கள் ஊர் திரும்பும்போது கால் முதலில் போகும் இடம் இளமையில் உட்கார்ந்த கடைதான். இந்தப் பயணமும் அப்படிப்பட்ட கடைகளை வழியாகக் கொண்டு, விடியலில் வில்லியனூரில் தொடங்கி, இரவில் பாகூரில் முடிகிறது.

வில்லியனூர்: ரயிலடியும் தேரடியும்

விழுப்புரத்தையும் புதுச்சேரியையும் இணைக்கும் ரயில் பாதை 1879-ல் திறக்கப்பட்டது. வில்லியனூர் அதன் வழிநிலையம். ரயில் வந்த ஊர்களில் ரயிலடிக் கடையும் வந்தது. விடியற்காலை நாலரை மணிக்கே இங்கு அடுப்பு எரியும். இப்பகுதிக் கடலோரம் சவுக்கு விளையும் மண் என்பதால், கடைகளின் பழைய எரிபொருள் சவுக்குக் கட்டை; பாய்லருக்கு மட்டும் கரி. பாய்லர் என்பது நடுவே குழாய் வைத்த ஒரு செம்பு அல்லது பித்தளைப் பாத்திரம். குழாய்க்குள் கரி கனலும், அதைச் சுற்றித் தண்ணீர் கொதிக்கும், கீழே குழாய்த் திருகு இருக்கும். மேலே பால் பாத்திரத்தை வைத்தால் அது ஆறாமலிருக்கும். ஒரே நெருப்பில் இரண்டு வேலை.

கொதிநீர் துணிப்பையில் உள்ள டீத்தூளின் மேல் இறங்கும். கண்ணாடி டம்ளரின் அடியில் சர்க்கரை, அதன் மேல் டிகாக்‌ஷன், அதன் மேல் பால். பிறகு வருவதுதான் மாஸ்டரின் கைவேலை: ஒரு கை தலைக்கு மேலே, ஒரு கை இடுப்புக்குக் கீழே, நடுவே கயிறு போல விழும் டீ. இப்படி ஆற்றும்போது சூடு குடிக்கும் பதத்துக்கு இறங்கும், சர்க்கரை கரையும், நுரை எழும்பும். ஸ்ட்ராங், லைட், சர்க்கரை கம்மி, சர்க்கரை தூக்கல் என்று வருபவர் சொல்லத் தேவையில்லை. நாள்தோறும் வருபவரின் கணக்கு மாஸ்டரின் கையிலேயே இருக்கிறது. இருபது ஆண்டு கழித்து வந்து நிற்பவரிடமும், "வாப்பா, எப்ப வந்த? ஊட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டே பழைய கணக்கில் டம்ளரை நீட்டும் மாஸ்டர்கள் உண்டு. சென்னை அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் பத்தாண்டு வாழ்ந்தவருக்கு இந்த ஒரு கேள்வியே ஊர் வந்து சேர்ந்ததன் அடையாளம்.

பால் அக்கம்பக்கத்துத் தொழுவங்களிலிருந்து வருகிறது. கிராமத்துக் கூட்டுறவுச் சங்கங்களில் கறந்து ஊற்றும் பால் பாண்லே நிறுவனத்துக்குப் போய், நீலமும் பச்சையும் போன்ற நிறப் பைகளில் திரும்பி வருகிறது. பழைய கடைக்காரர் பலர் இன்னும் கறந்த பாலையே விரும்புகிறார்கள். ஆடை கட்டும் பாலில்தான் டீ நிற்கும் என்பது அவர்கள் சொல்.

தமிழ்நாட்டில் டீ பழமையான பானம் அன்று. காப்பி முதலில் வந்து நடுத்தர வீடுகளில் புகுந்தது. டீ பின்னால் வந்து உழைப்பவர்களின் பானமாயிற்று. இந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் விரிவாக எழுதியுள்ளார். 1930-களில் தேயிலை விற்பனையைப் பெருக்கப் பணியாளர்கள் ஊர் ஊராகச் சென்று டீ போட்டுக் காட்டி, இலவசமாகக் குடிக்கக் கொடுத்தார்கள். வீட்டில் காப்பி, கடையில் டீ என்ற இன்றைய வழக்கம் இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஏற்பட்டதே.

திருக்காமீஸ்வரர் கோயில் தேரடியில் அடுத்த கடைகள். அம்மன் பெயர் கோகிலாம்பாள். பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்துத் தேரைத் தொடங்கி வைக்கும் வழக்கம் இங்கு இருந்தது. இன்று அதைத் துணைநிலை ஆளுநர் தொடர்கிறார். தேரன்று விடிய விடிய அடுப்பு அணையாது. சற்றுத் தள்ளி, முன்னே குளம் கொண்ட லூர்து மாதா கோயில். ஈஸ்டருக்குப் பின் வரும் அதன் ஆண்டுவிழாவுக்கும் சுற்று ஊர்களிலிருந்து எல்லா மதத்தவரும் வருவார்கள். இரண்டு திருவிழாக் கூட்டத்துக்கும் டீ ஊற்றுவது அதே கடைகள். வில்லியனூர்ச் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இத்தொழிலின் கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. களிமண் பிசைந்த கையோடு டம்ளரைப் பிடிக்கும் குயவர்கள் இன்றும் இவ்வட்டாரக் காலை பெஞ்சுகளின் வாடிக்கையாளர்கள்.

திருக்காஞ்சி: ஆற்றங்கரையில் ஆயா கடை

வில்லியனூரை விட்டுத் தெற்கே வந்தால் சங்கராபரணி ஆறு. செஞ்சி மலைப்பக்கம் பிறந்து வருவதால் செஞ்சியாறு என்றும், வராகநதி என்றும் பெயர். மழை மாதங்களில் கரை தொட்டு ஓடும். கோடையில் மணலும் கோரையுமாகக் கிடக்கும். அதன் கரையில் திருக்காஞ்சி; அங்கே கங்கைவராக நதீஸ்வரர் கோயில். அமாவாசைதோறும் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்ய மக்கள் வருகிறார்கள். 2023-ல் புஷ்கரணி விழாவும் இங்கு நடந்தது.

ஆற்றங்கரை ஊர்களின் காலை உணவு 'ஆயா கடை'. இவ்வட்டாரத்தில் பாட்டியை ஆயா என்பார்கள். பலகை எழுதாத கடை அது. வீட்டுத் திண்ணையிலோ வேப்பமரத்தடியிலோ ஓர் இட்லிப் பானை, ஒரு அம்மி, ஒரு குண்டான். ஈரத்துணி விரித்த தட்டில் மாவை ஊற்றி ஓர் ஈடு எடுத்தால், அடுத்த ஈட்டுக்கு நாலைந்து பேர் காத்திருப்பார்கள். துணியிலிருந்து பெயர்த்த இட்லியின் அடியில் நெசவின் வரி பதிந்திருக்கும். அலுமினியக் குழித்தட்டில் எண்ணெய் தடவி வேகவைக்கும் இட்லிக்கு அந்த வரியும் அந்த மென்மையும் வராது.

தொட்டுக்கொள்ள மல்லாட்டைச் சட்னி. வேர்க்கடலைக்குத் தென்னார்க்காடும் புதுச்சேரியும் வழங்கும் பெயர் மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்பதன் மருவு. வறுத்துத் தோல் நீக்கிய மல்லாட்டை, காய்ந்த மிளகாய், புளி, பூண்டு, உப்பு ஆகியவற்றை அம்மியில் அரைத்துத் தாளித்தால் சட்னி தயார். இந்தக் கொட்டைக்கு உலகச் சரித்திரமும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து புதுச்சேரித் துறைமுகம் வழியே இது மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் கப்பல் கப்பலாகப் போயிற்று. தென்னார்க்காட்டுச் செம்மண் காடுகள் மல்லாட்டைக் காடுகளாக மாற அந்த வணிகம் பெரும் காரணம். பிரெஞ்சு ஆலைகளுக்கு எண்ணெய் கொடுத்த பயிர், உள்ளூர் ஏழைக்குத் தேங்காயைவிட மலிவான சட்னியையும் கொடுத்தது.

ஆயா கடையில் விலைப்பட்டியல் இல்லை. பள்ளிக்கூடப் பையன் வந்தால் ஒரு இட்லி கூட விழும். "நல்லா துன்னுடா, இளைச்சிப் போய்ட்ட" என்று திட்டுவது போல் சொல்லி வைக்கும் அந்த ஒரு இட்லிதான், பிற்காலத்தில் எத்தனையோ ஊர்களில் உண்டவர்களைத் திரும்ப இழுத்து வருகிறது. பல திண்ணைகள் இன்று காலி. ஆயாக்களின் மகள்கள் தையல் கூடத்துக்கும் தொழிற்பேட்டைக்கும் வேலைக்குப் போகிறார்கள். ஓராண்டில் ஒரு நாளும் விடுப்பில்லாமல், விடியல் மூன்று மணிக்கு எழுந்து மாவோடும் புகையோடும் போராடிய உழைப்பை அவர்கள் தொடரவில்லை. அதில் குறை சொல்ல எதுவுமில்லை.

கீழூர்: வாக்களித்த ஊர்

தெற்கே போகும் வழியில் மங்கலம் என்ற ஊரிலிருந்து மேற்கே விலகினால் கீழூர். 1954 அக்டோபர் 18 அன்று பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் இந்தச் சிற்றூரில் கூடி, இந்தியாவுடன் இணைவதா என்பது குறித்து வாக்களித்தார்கள். 170 பேர் இணைப்பை ஆதரித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது; 1962 ஆகஸ்டு 16-ல் இணைப்பு சட்டப்படி நிறைவேறியது. நினைவிடம் வயல்களுக்கு நடுவே அமைதியாக நிற்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 16-ல் கொடியேற்றுகிறார்கள்.

அதற்கு முன்பு இந்த வட்டாரத்துச் சாலைகளில் எல்லைக் காவலும் சுங்கச் சோதனையும் இருந்தன. 18-ஆம் நூற்றாண்டுப் போர்களும் உடன்படிக்கைகளும் வரைந்த எல்லை, ஒரு ஊரைப் பிரான்சிலும் அடுத்த ஊரை ஆங்கிலேயரிடமும் வைத்திருந்தது. எல்லையோரக் கடையில் இரு நாட்டுச் செய்தியும் ஒரே பெஞ்சில் அலசப்பட்டது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுவோரை இங்கு 'சொல்தா' என்பார்கள். இந்தோசீனப் போர்க்களங்களைக் கண்ட சொல்தாக்களின் கதைகள் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று புதுச்சேரியில் இருந்தது.

பெஞ்சின் முதன்மையான செல்வம் செய்தித்தாள். 1942-ல் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரியும் நடையில் வந்து டீக்கடைகளைப் பிடித்தது. ஒரே தாளை நாலாகப் பிரித்து நாலு பேர் படிப்பார்கள். படிக்கத் தெரியாதவருக்காக ஒருவர் உரக்கப் படிப்பார். பள்ளிக்கூடம் போகாத எத்தனையோ உழவர்களுக்கு உலக அரசியல் தெரிந்தது இப்படித்தான். தினமலர் தன் அரசியல் பகுதி ஒன்றுக்கு 'டீக்கடை பெஞ்ச்' என்றே பெயரிட்டிருக்கிறது.

இந்தப் பெஞ்சின் பழைய கதையில் ஒரு பெரும் கறையும் உண்டு. தமிழகத்துக் கிராமங்களில் பல கடைகள் தலித் மக்களை உட்காரவிடவில்லை. அவர்களுக்குத் தனிக் குவளை. குடித்துவிட்டுத் தாங்களே கழுவி வைக்க வேண்டும். இரட்டைக் குவளை முறை என்பது இதுவே. நகரத்து ஓட்டல்களும் விலக்கல்ல: 'பிராமணாள்' என்ற பெயர்ப்பலகைகளை எதிர்த்துப் பெரியார் 1957-ல் சென்னையில் கிளர்ச்சி நடத்தினார். கடைகளிலும் பொது உணவகங்களிலும் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்று இந்திய அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. தீண்டாமையைக் குற்றமாக்கும் சட்டம் 1955-ல் வந்தது. ஆகவே பழைய கடையைப் போற்றுபவர், அதில் யார் உட்கார்ந்தார்கள் என்பதோடு யார் நின்றார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இன்று எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டம்ளரில் குடிக்கும் கடைதான் பாதுகாக்கத் தக்கது. அது பரிசாகக் கிடைத்ததல்ல, போராடிப் பெற்றது.

கரிக்கலாம்பாக்கம்: நண்பகல் சாப்பாடு

பாகூரை நோக்கிய சாலையில் கரிக்கலாம்பாக்கம் ஒரு சந்திப்பு ஊர். இங்கிருந்து தெற்கும் மேற்கும் போகும்போது எல்லை பலமுறை மாறும். சில கிலோமீட்டருக்குள் கடலூர் மாவட்டம் வரும், மறுபடி புதுச்சேரி வரும். பெட்ரோல் விலையும் மதுக்கடைப் பலகையும் மாறுவதைக் கொண்டுதான் வெளியூர்க்காரர் எல்லையை அறிவார். தமிழ்நாட்டில் இல்லாத உரிமம் பெற்ற சாராயக்கடையும் கள்ளுக்கடையும் புதுச்சேரிக் கிராமங்களில் இன்னும் உள்ளன. அவற்றை ஒட்டியே மீன் வறுவல், சுண்டல், குடல் கறி விற்கும் தள்ளுவண்டிகள். இந்த வண்டிகளின் காரம் புகழ்பெற்றது. ஆனால் குடும்பத்தோடு வருபவர் உட்காரும் இடம் வேறு.

அது சாப்பாட்டுக்கடை. பெரும்பாலும் கணவன் சமைக்க மனைவி பரிமாறுவார், அல்லது மனைவி சமைக்கக் கணவன் கல்லாவில் இருப்பார். வாழை இலையில் சோறு, குழம்பு, ரசம், மோர், ஒரு பொரியல். கடல் கிழக்கே மிக அருகில் இருப்பதால் மத்தியும் சங்கராவும் காலையிலேயே வந்துவிடும். ஏரி நிரம்பிய காலத்தில் விரால், கெண்டை, கெளுத்தி. மீன் கிடைக்காத நாளில் கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. அந்த நாளில்தான் கூட்டம் அதிகம். "இன்னும் கொஞ்சம் சோறு வாங்கிக்கோங்க அண்ணே" என்று கேட்காமலே வந்து நிற்கும் அன்னக்கூடை, நகரத்து அளவுச் சாப்பாட்டில் இல்லாத ஒன்று.

நகரத்திலும் நீண்ட காலம் நிலைத்த பழைய பாணிக் கடைகள் உண்டு. புதுச்சேரி நேரு வீதியின் இந்தியன் காபி ஹவுஸ் அவற்றுள் ஒன்று. 1950-களில் காப்பி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூட முனைந்தபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலனின் முயற்சியால் வேலையிழந்த தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து அவற்றைத் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். முதல் சங்கம் 1957-ல் பெங்களூரில் உருவாயிற்று. யான் மார்ட்டெல் 2001-ல் வெளியிட்ட 'லைஃப் ஆஃப் பை' நாவலின் முன்னுரையில் அந்த நேரு வீதிக் கடை இடம்பெறுகிறது. கிராமத்துக் கடைக்கு நாவல் இல்லை, சங்கமும் இல்லை. அதை நடத்துபவர் நோயில் படுத்தால் கடையும் படுத்துவிடும்.

பாகூர் ஏரிக்கரை

புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி பாகூர் ஏரி. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரியும் பங்காரு வாய்க்கால் இதை நிரப்புகிறது. பங்காரி, சிங்காரி என்ற இரண்டு தாசிப் பெண்கள் தங்கள் செல்வத்தைக் கொடுத்து நீர்வழி அமைத்தார்கள் என்பது ஊர் சொல்லும் கதை. நீண்ட கரை, கரை நெடுகப் பனை, குளிர்காலத்தில் நீர்ப்பறவைகள், கீழே கண்ணுக்கு எட்டியவரை நெல். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்ற பெயர் பாகூருக்கு இந்த ஏரியால் வந்தது.

நடவுக் காலத்தில் இங்கு மக்கள் கடைக்கு வருவதில்லை. கடை மக்களிடம் போகும். காலை பதினோரு மணிக்குத் தூக்குவாளியில் டீயும் செய்தித்தாளில் பொதிந்த வடையும் வரப்பு வழியே வரும். சேற்றுக்கால்களோடு நடவுப் பெண்கள் வரப்பில் வரிசையாக உட்காருவார்கள். கடை வாசலின் பெஞ்சு பெரும்பாலும் ஆண்களுடையதாகவே இருந்து வந்திருக்கிறது. பெண்கள் கூடி உட்கார்ந்து டீ குடித்த இடம் இந்த வரப்புதான். டீக்கு முன் இதே வேளையில் கேழ்வரகுக் கூழும் வெங்காயமும் வந்தன என்று மூத்தவர்கள் சொல்வார்கள். இயந்திர நடவு பரவியபின் தூக்குவாளி போகும் வயல்கள் குறைந்துவிட்டன.

பாகூர்: கடைத்தெருவில் மாலை

பாகூர் மிகப் பழைய ஊர். 1879-ல் புதுச்சேரி நீதிபதி ஜூல் தெலாஃபோன் கண்டெடுத்த பாகூர்ச் செப்பேடு, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் இவ்வூரின் வித்தியாஸ்தானம் என்ற கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்கள் தானமளிக்கப்பட்டதைச் சொல்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கு உயர்கல்வி நடந்திருக்கிறது. மூலநாதர் கோயில் சுவர்களில் சோழர் கல்வெட்டுகளோடு இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் கல்வெட்டுகளும் உள்ளன. 1752-ல் ஆங்கிலப் படையும் பிரெஞ்சுப் படையும் மோதிய களமும் பாகூரே.

இத்தனை சரித்திரமும் சூழ்ந்த ஊரில் மாலை நான்கு மணிக்கு எண்ணெய் காய்கிறது. ஊறிய கடலைப்பருப்பைப் பாதி அரைத்து, வெங்காயம், சோம்பு, கறிவேப்பிலை சேர்த்து உள்ளங்கையில் தட்டிப் போடும் மசால் வடை. ஓரம் மொறுமொறுப்பாக, நடு மெத்தென்று. பள்ளி விட்ட பிள்ளைகள், வங்கி முடிந்து வருபவர்கள், வயலிலிருந்து மண்வெட்டியோடு வருபவர்கள் எல்லாரும் ஒரே சட்டியைச் சுற்றி நிற்பார்கள்.

மாற்றங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. கீற்றுக்குப் பதில் தகரம், சவுக்குக் கட்டைக்குப் பதில் எரிவாயு உருளை, பித்தளை பாய்லருக்குப் பதில் எவர்சில்வர், கண்ணாடி டம்ளருக்குப் பதில் காகிதக் குவளை. நின்றபடி குடித்துவிட்டு நகரும் புதிய கடைகளில் பெஞ்சே இல்லை. புகை போனது மாஸ்டரின் நுரையீரலுக்கு நல்லது. கல்லாவில் ஒட்டிய, கைப்பேசியால் பணம் செலுத்தும் கியூஆர் குறியீடு சில்லறைத் தொல்லையைத் தீர்த்தது. பெஞ்சு போவது மட்டும் உண்மையான இழப்பு. உட்கார இடமில்லாத கடையில் பேச்சு இல்லை, பேச்சு இல்லாத கடையில் யாரும் யாரையும் "எப்ப வந்த?" என்று கேட்பதில்லை.

பழைய கடைகளில் இன்னும் ஒரு நோட்டுப் புத்தகம் ஆணியில் தொங்குகிறது. அறுவடைக்குப் பின் தருவதாகச் சொல்லிக் குடித்த டீக்களின் கணக்கு அது. பெயர்களுக்குப் பக்கத்தில் கோடுகள், ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு. இரவு எட்டரைக்குப் பாய்லரின் மீதிக் கரியைத் தட்டிக் கொட்டுவார்கள். டம்ளர்களைக் கழுவிக் கவிழ்ப்பார்கள். ஜாடிகள் உள்ளே போகும், நோட்டு உள்ளே போகும், கல்லாவும் உள்ளே போகும். பெஞ்சு மட்டும் வெளியில் கிடக்கும். கடைசிப் பேருந்துக்குக் காத்திருப்பவர்களுக்காக அதை எடுப்பதில்லை.